முன்னாடி சட்டமே வேண்டாம்னு சொல்லிப்போடும்

நூற்பாலையில் வேலை செய்யும் அந்த அக்காவுக்கு நான் சொன்ன பதில் சட்டப்படி சரியானதுதான். "உங்க சம்மதம் இல்லாம நைட் ஷிப்ட் போடக்கூடாதுக்கா, சட்டத்துல அப்படித்தான் இருக்கு" என்றேன். இன்று வேறு யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், வேறு எதைச் சொல்ல முடியும்? ஆனால் அதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது, வகுப்பில் பாடம் எடுக்கும்போதும் கட்டுரை எழுத உட்காரும்போதும் வந்து குறுக்கே நிற்கிறது. "முன்னாடி சட்டமே வேண்டாம்னு சொல்லிப்போடுமுங்க மேடம். இப்ப நாங்க வாயத் தொறந்து சொல்லோணும்."

நான் பாலினப் பாகுபாட்டுச் சட்டத்தில் ஆய்வு செய்கிறவள். அதிலும் பெண்களின் பாதுகாப்புக்கு என்று சொல்லி இயற்றப்பட்ட சட்டங்கள், அவை நடைமுறையில் பெண்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்பதுதான் என் வேலை. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 66 மனப்பாடமாக இருக்கும். காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் ஒரு பெண்ணை ஆலையில் வேலை செய்யச் சொல்லவும் கூடாது, அவளே வந்தால் விடவும் கூடாது. மாநில அரசு நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம், ஆனால் இரவு 10 முதல் காலை 5 வரை யாரும் கைவைக்க முடியாது என்று அதில் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு வசந்தா வழக்கில் இந்தத் தடை அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானது என்று சொல்லி நீக்கியது, போக்குவரத்து, பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளையும் சேர்த்து விதித்தது. நான் மிகுந்த ஈடுபாட்டோடு நடத்தும் தீர்ப்புகளில் அதுவும் ஒன்று.

ஏன் ஈடுபாடு என்றால், அந்தத் தடையின் பின்னால் இருந்த அக்கறை ஒருபோதும் முழுசாக இருந்ததில்லை. செவிலியர்கள் இரவு முழுக்க வேலை செய்தார்கள், அவர்களை யாரும் தடுக்கவில்லை. விடிவதற்கு முன் எழுந்து மற்றவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறவர்களுக்காக எந்தச் சட்டமும் கவலைப்படவில்லை. இரவு வேலை ஆண்களுக்கும் கிடைக்கிற, கூடுதல் காசும் பதவி உயர்வும் சேர்ந்து வருகிற இடத்தில் மட்டும் பெண்ணின் உடல்நலமும் மானமும் சட்டத்துக்கு ஞாபகம் வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கிறது. அது கொடுப்பதற்கான அதிகாரம், கதவைச் சாத்துவதற்கான அதிகாரம் கிடையாது. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். உச்ச நீதிமன்றமும் 2007இல் அனுஜ் கார்க் வழக்கில், மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்ற பஞ்சாப் கலால் சட்டப் பிரிவை நீக்கியபோது, பாதுகாப்பு இல்லை என்றால் அதை ஏற்படுத்துவது அரசின் வேலை, அதற்குப் பதிலாகப் பெண்ணின் சுதந்திரத்தைக் குறைக்கக்கூடாது என்ற பொருளில்தான் பேசியது.

சரி, இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நான் அந்த அக்காவின் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் நூற்பாலையில் சைடு பார்க்கிறவர், அதாவது நூற்கும் மிஷினின் ஒரு பக்கம் அவர் பொறுப்பு. முழு நைட் முடித்துவிட்டு வந்திருந்தார். நேர்காணலுக்கு அந்த நேரத்தைக் கொடுத்ததே பெரிய விஷயம், தூங்க வேண்டிய நேரம் அது. முகம் கழுவியிருந்தார், ஆனால் ஒரு புருவத்தில் மட்டும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது, பேசும்போதெல்லாம் அது அசைந்தது. நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்தேன். ஷிப்ட் எப்படிப் போடுகிறார்கள், பஸ் வருகிறதா, கழிவறை, உணவு இடைவேளை, மேஸ்திரி எப்படிப் பேசுவார், எல்லாம். ரெகார்டரை நிறுத்தப் போகும்போது அவர் கேட்டார்: "ஏனுங் மேடம், நீங்க இத எழுதுனா நைட்டு வருமுங்களா, போகுமுங்களா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். களத்துக்குப் போகிற எல்லோரிடமும் யாராவது இதைக் கேட்பார்கள். நீ எழுதுவதால் எனக்கு என்ன ஆகும்? அதற்கு நம் துறையில் பழகிய பதில் ஒன்று உண்டு, ஆய்வு என்பது உடனே பலன் தருகிற விஷயம் இல்லை, ஆனால் கொள்கை வகுப்பவர்களுக்குப் போய்ச் சேரும் என்கிற மாதிரி. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் சட்டத்தைச் சொன்னேன். உங்கள் சம்மதம் வேண்டும், அது உங்கள் கையில் இருக்கிறது என்று சொன்னால் ஒரு பிடிமானம் கிடைக்கும் என்று நினைத்தேன். அதற்குத்தான் மேலே எழுதிய அவருடைய பதில் வந்தது. அப்புறம் என் மடியில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "சம்மதமெல்லாம் வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்கிட்டாங்க. இதே மாதிரித்தானுங்க, ஒரு பேப்பரு."

என் மடியில் இருந்தது ஆய்வுக்கான ஒப்புதல் படிவம். ஆய்வு நெறிமுறைக் குழு கேட்டதற்காக நானே தமிழில் எழுதிய படிவம். 'எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல், இந்த ஆய்விலிருந்து விலகிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு' என்று ஒரு வரி அதில் இருக்கும். நேர்காணல் தொடங்கும்முன் அதை முழுசாக வாசித்துக் காட்டினேன், ஒரு வரிகூட விடவில்லை. அவர் பாதியிலேயே பேனாவுக்குக் கையை நீட்டி, "எங்கீங்க போடோணும்?" என்று கேட்டுவிட்டார். நான் மீதியையும் வாசித்து முடித்த பிறகுதான் பேனாவைக் கொடுத்தேன். அப்போது அதைக் கவனமான நடத்தை என்றே நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஆலையிலும் யாரோ ஒருவர் முழுசாக வாசித்துக் காட்டியிருக்கலாம் இல்லையா? வாசித்துக் காட்டியிருந்தால் அந்தச் சம்மதம் சம்மதமாகிவிடுமா என்று கேட்டால், ஆகாது என்று பக்கம் பக்கமாக எழுதக்கூடியவள் நான்.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, பிரிவு 43, எல்லா வகை நிறுவனங்களிலும் எல்லா வகை வேலைகளிலும் பெண்கள் பணியாற்றலாம், அவர்கள் சம்மதத்தோடு காலை 6க்கு முன்பும் இரவு 7க்குப் பிறகும் பணியாற்றலாம், பாதுகாப்புக்கான நிபந்தனைகளுக்கு உட்பட்டு என்கிறது. முதன்முறை படித்தபோது நிறைவாக இருந்தது. தடை போய், முடிவு பெண்ணின் கைக்கு வந்திருக்கிறது, நாங்கள் இத்தனை காலம் எழுதியதும் பேசியதும் இதற்காகத்தான். இப்போது அந்த வரியைப் படித்தால் கேள்விகள்தான் வருகின்றன. எப்போது கேட்கப்பட்ட சம்மதம்? ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியுமா? மறுத்தவருக்கு அடுத்த மாதம் எந்த சைடு கொடுப்பார்கள், பழைய மிஷினா புது மிஷினா? ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள், மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சுமங்கலித் திட்டத்தின் பேரில் கூட்டிவரப்பட்டவர்கள், அவர்களிடம் போய் இன்றைக்கு நைட் வர விருப்பமா என்று கேட்டால் அதற்கு இல்லை என்ற பதில் எங்கிருந்து வரும்?

ஆனால் இதை வைத்துக்கொண்டு பழைய தடையே மேல் என்று எழுத என்னால் முடியாது. அந்த அக்கா சொன்னதைக் கேட்ட பிறகும் முடியாது. அதே ஆலையில் அரை நைட்டும் முழு நைட்டும் தானாகக் கேட்டு வாங்குகிற ஒரு பெண்ணிடமும் பேசினேன். பகலில் பிள்ளைகளோடு இருக்கலாம் என்பது ஒரு காரணம். மூன்று ஷிப்டும் ஓட்டத் தெரிந்தவர்களைத்தான் மேலே கொண்டுபோவார்கள், பகல் மட்டும் என்றால் கடைசிவரை சைடுதான் என்பது இன்னொரு காரணம். பழைய சட்டம் இருந்தால் அவருடைய இந்தக் கணக்குக்கு இடமே இருந்திருக்காது. ஒருத்திக்குக் கேடயமாக இருந்தது இன்னொருத்திக்குச் சுவர். இருவருமே அவரவர் வாழ்க்கையைச் சரியாகத்தான் கணித்திருக்கிறார்கள்.

இது புதிய சிக்கலும் இல்லை, அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முல்லர் வழக்கில், சலவை ஆலையில் பெண்களை 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்ற ஓரகன் மாநிலச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதற்காக லூயிஸ் பிராண்டைஸ் தாக்கல் செய்த 100 பக்கத்துக்கும் மேலான வாதக்குறிப்பின் பெரும்பகுதி, ஜோசஃபின் கோல்ட்மார்க் போன்ற பெண்கள் உட்கார்ந்து தொகுத்துக் கொடுத்த தகவல்கள். அவர்கள் பெண் தொழிலாளிகளின் பக்கம் நின்றவர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீதிமன்றம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது பெண் பலவீனமானவள், தாயாகப் போகிறவள், ஆணைச் சார்ந்திருக்கிறவள் என்பதை. பிறகு 1923இல் அட்கின்ஸ் வழக்கு வந்தது. பெண்களுக்கு ஓட்டுரிமை வந்துவிட்டது, வேறுபாடுகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன என்று அதே நீதிமன்றம் காரணம் சொல்லி, பெண்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை அடித்து நொறுக்கியது. ஒரு முறை 'நீ வேறு' என்று சொல்லி உரிமையைக் குறைத்தார்கள், இன்னொரு முறை 'நீ சமம்' என்று சொல்லிக் கூலியைப் பறித்தார்கள். இந்த இரண்டையும் நான் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து நடத்துவேன், மாணவிகள் கோபப்படுவார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து கோபப்படுவேன். அந்தக் கோபத்தில் நான் எப்போதும் கோல்ட்மார்க்கின் இடத்தில்தான் என்னை வைத்துப் பார்த்திருக்கிறேன், அந்தச் சலவை ஆலைப் பெண்ணின் இடத்தில் வைத்துப் பார்த்ததில்லை. 10 மணி நேரத்தோடு வீட்டுக்குப் போக முடிந்த அவளுக்கு, தீர்ப்பில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருந்தது என்பது எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும்?

கட்டுரை எழுதும் நேரம் வந்தபோது அந்த அக்கா சொன்னதை எங்கே வைப்பது என்பதே பிரச்சினையாகிவிட்டது. என் துறையில் மூத்தவர், நான் மதிக்கிறவர், வரைவைப் படித்துவிட்டு அடிக்குறிப்பில் போடச் சொன்னார். "ஒருத்தர் அனுபவத்த வச்சு வாதத்தத் திருப்ப முடியாதும்மா. அதுவும் இத யார் எடுத்துப் பயன்படுத்துவாங்கன்னு யோசி" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சியர்ஸ் வழக்கு எங்களுக்கெல்லாம் ஒரு பாடம். பெரிய கடைத்தொடரான சியர்ஸில் கமிஷன் கிடைக்கிற விற்பனை வேலைகளுக்குப் பெண்களை எடுக்கவில்லை என்று அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தின் தரப்பில் சாட்சி சொன்னவர் ரோசலிண்ட் ரோசன்பெர்க், பெண்களின் வரலாற்றை எழுதும் ஆய்வாளர். ஆணையத்தின் தரப்பில் ஆலிஸ் கெஸ்லர்-ஹாரிஸ், அவரும் அதே துறை. பெண்களின் விருப்பங்களும் முன்னுரிமைகளும் வேறு, அதனால் அந்த வேலைகளுக்கு அவர்கள் வராமல் இருக்கலாம் என்பது ரோசன்பெர்க்கின் சாட்சியம், அதற்கு ஆதாரமாக எதிர்த்தரப்பில் நின்ற கெஸ்லர்-ஹாரிஸின் எழுத்தையே எடுத்துக் காட்டினார். 1986இல் தீர்ப்பு சியர்ஸுக்குச் சாதகமாக வந்தது. பெண்கள் என்ன விரும்புகிறார்கள் என்று நாம் எழுதுகிற எந்த வரியையும் ஒரு முதலாளியின் வழக்கறிஞர் எடுத்து, பாருங்கள் அவர்களே வேண்டாம் என்கிறார்கள் என்று வாசிக்க முடியும்.

அதனால் பயம் இருந்தது. ஒரு பெண் தொழிலாளி பழைய தடையே எனக்கு வசதியாக இருந்தது என்கிறார் என்று நான் எழுதினால், பெண்களை மேற்பார்வைப் பதவிக்கு எடுக்காத நிறுவனத்துக்கு அது கையில் கிடைத்த காகிதம். எழுதாமல் விட்டால், அவர் முழு நைட் பார்த்துவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்து சொன்ன ஒன்றே ஒன்றை, தானாக, நான் கேட்காமல் சொன்ன அந்த ஒன்றை, என் வாதத்துக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக ஒளித்துவைக்கிறேன். கடைசியில் அடிக்குறிப்பில் போடவில்லை, கட்டுரைக்குள்ளேயே வைத்தேன். ஆனால் அதற்கு அடுத்த பத்தியிலேயே, இது தடைக்கான ஆதரவு இல்லை, பேரம் பேசும் சக்தி இல்லாத இடத்தில் அந்தத் தடை ஆற்றிய வேலையை வேறு ஏற்பாடுகள் செய்ய வேண்டும் என்பதற்கான சான்று என்று நான் விளக்கம் எழுதினேன். அந்த விளக்கம் சரியானது என்றுதான் நம்புகிறேன். ஆனால் அவர் அப்படிச் சொன்னாரா? அவர் சொன்னது, முன்பு சட்டம் எனக்காக மறுத்தது என்பது. அதை எனக்குத் தெரிந்த வாதத்துக்குள் கொண்டுவந்து பொருத்தியது நான். அந்தக் கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கிறது, அவர் படித்து இல்லைங்க மேடம் நான் அப்படிச் சொல்லலை என்று மறுக்க வழியே இல்லை.

சில நேரம் இதை வேறு மாதிரியும் யோசிப்பேன். ஆய்வாளர் என்றால் விளக்கம் கொடுப்பதுதானே வேலை, சொன்னதை அப்படியே எழுதிக் கொடுப்பதற்கு ரெகார்டர் போதும். மருத்துவரிடம் தலை வலிக்கிறது என்று சொல்பவருக்குக் கண் பரிசோதனை எழுதிக் கொடுப்பதில்லையா? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு வாரம் நிம்மதியாக இருப்பேன். அப்புறம் 1981ஆம் ஆண்டின் நர்கேஷ் மீர்ஸா தீர்ப்பை நடத்த வேண்டி வரும். ஏர் இந்தியா பணிப்பெண்கள் முதல் கர்ப்பத்தோடு வேலையை விட வேண்டும் என்ற விதியைச் செல்லாது என்ற அதே தீர்ப்பு, வேலையில் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும் என்ற விதியை நியாயம் என்று விட்டுவைத்தது. அந்தப் பெண்களின் உடல்நலத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் திருமணம் நிலைப்பதற்கும் அது நல்லது என்று நீதிபதிகளே காரணம் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெண்களே வழக்குப் போட்டு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, உங்களுக்கு எது நல்லது என்று எங்களுக்குத் தெரியும் என்பதுதான் அந்தப் பத்திகளின் தொனி. கரும்பலகைக்கு முன் நின்று அதைக் கண்டித்துப் பேசும்போது என் குரல் முன்பு இருந்த அளவுக்கு உறுதியாக இல்லை. அந்த நீதிபதிகளும் நானும் ஒன்று என்று சொல்லவில்லை, அவர்கள் எழுதியது வேலையைப் பறித்தது, நான் எழுதியது யார் வேலையையும் தொடவில்லை. இருந்தாலும் அந்தத் தொனி எனக்குப் பழக்கமானதாக இருக்கிறது.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் அடுத்த கட்டுரை அந்த மறுப்பைப் பற்றியது. சம்மதத்தைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது, மறுப்பதற்கான வழி எப்படி இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். வேலைக்குச் சேரும் நாளில் வாங்கிய சம்மதம் இரவு வேலைக்குச் செல்லாது என்று விதியில் எழுதலாம். ஒவ்வொரு ஷிப்ட் அட்டவணைக்கும் தனியாகக் கேட்க வேண்டும், மறுத்தவரிடம் காரணம் கேட்கக்கூடாது, மறுத்தவர் பெயர் மேஸ்திரிக்குப் போகக்கூடாது, மறுத்த பிறகு சம்பளமோ மிஷினோ மாற்றப்பட்டால் அது மறுப்புக்காக இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. இவை எல்லாம் ஆண்களுக்கும் சேர்த்து இருக்கலாம், இருக்க வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1990ஆம் ஆண்டு இரவுப் பணி உடன்படிக்கை பெண்களை மட்டும் தனியாகப் பிரிக்காமல் இரவில் வேலை செய்யும் எல்லோருக்கும் பாதுகாப்பு கேட்கிறது, அந்தத் திசை எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆனால் பெயர் போகாமல் மறுப்பது என்றால் அதை யாரிடம் சொல்வது? தொழிற்சங்கம் இருந்தால் அவர்களிடம் சொல்லலாம். அந்த அக்கா வேலை செய்யும் ஆலையில் சங்கம் இல்லை. அங்கே ஒரு சைடில் ஆள் குறைந்தால் யார் வரவில்லை என்பது அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். இந்த இடத்தில்தான் வரைவு நிற்கிறது.